கோதுமை ஈரமானி: இரண்டு அறுவடைகளுக்குப் பிறகு

இந்தக் கருவியை யாருடைய சிபாரிசிலும் வாங்கவில்லை. ஆத்திரத்தில் வாங்கினேன்.

நாங்கள் 31 பேர். ஒரே கிளை வாய்க்காலில் பாயும் நிலம். ஒரு ஹெக்டேருக்கு மேல் வைத்திருப்பவர்கள் இரண்டே பேர். மற்றவர்களுக்கு அறுவடை முடிந்தால் ஆளுக்கு முப்பது நாற்பது மூட்டை கோதுமை தேறும். அதற்குத் தனியாக லாரி பிடிக்க முடியாது. தனியாக விற்றால் களத்துக்கு வரும் சில்லறை வியாபாரி சொல்வதுதான் எடை, அவர் சொல்வதுதான் தரம். அதனால் எல்லோருடையதையும் சேர்த்துப் பத்து டன் லாரியில் ஏற்றி, மொத்த வியாபாரிக்கோ மாவு ஆலைக்கோ அனுப்புகிறோம். கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. அதனால் திட்டும் என்னிடம்தான் வரும்.

இரண்டு அறுவடைக்கு முன்பு ஒரு லாரி எடைமேடையில் நின்றது. வியாபாரியின் ஆள் குத்தூசியை ஒரு மூட்டையில் செருகி, விழுந்த கோதுமையைத் தன்னுடைய கருவியில் போட்டார். திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "பதினாலரை" என்றார். 12 சதவீதத்துக்கு மேலே போகும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் குவிண்டாலுக்கு ஒன்றரை கிலோ கழிவு என்பது அவர்கள் விதி. பத்து டன்னில் 375 கிலோ போயிற்று. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 14.5 சதவீத ஈரத்தில் இருக்கும் பத்து டன் கோதுமையில் உலர்ந்த பொருள் 8,550 கிலோ. அதை 12 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தால் 9,716 கிலோ இருக்க வேண்டும். குறைவது 284 கிலோதான். அவர் சொன்ன எண் உண்மையாகவே இருந்தாலும் 91 கிலோ அதிகமாகக் கழித்திருக்கிறார். எண் உண்மையா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்து, "டக்கென்று உடைகிறதே, காய்ந்திருக்கிறது" என்று சொல்லும் பெரியவர்தான் இருந்தார். அவர் பல்லை எடைமேடையில் யார் ஏற்றுக்கொள்வார்கள்?

அந்த வாரமே வாங்கியதுதான் இந்த ஈரமானி. எங்கள் ஆட்கள் 'மாய்ஸ்சர்' என்று மட்டும் சொல்வார்கள். "அக்கா, மாய்ஸ்சர் கொண்டு வாருங்கள்" என்றால் கருவியைத்தான் கேட்கிறார்கள் என்று பொருள். தயாரித்தவர்களின் பெயரை எழுதவில்லை. குறைகளையும் சொல்லப் போகிறேன், தவிர இந்த வகைக் கருவிகள் உள்ளே ஏறக்குறைய ஒன்றுதான்.

தண்ணீர்ச் செம்பு அளவு இருக்கிறது. மேலே ஒரு குவளை, கீழே திரை, நான்கு பொத்தான்கள். தானியத்தைக் குவளையில் கொட்டினால் போதும், அரைக்க வேண்டியதில்லை. குவளையின் சுவரில் இருக்கும் இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே கோதுமை நிற்கிறது. அந்த இடைவெளி எவ்வளவு மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கிறது என்று கருவி பார்க்கிறது. மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் இந்தத் திறனைச் சொல்லும் எண்ணுக்கு மின்காப்பு மாறிலி என்று பெயர். நீருக்கு அது 80 அளவில் இருக்கும், உலர்ந்த தானியத்துக்கோ ஒற்றை இலக்கம்தான். கொஞ்சம் ஈரம் கூடினாலும் எண் தாவுவது அதனால்தான். இன்னொரு வகை உண்டு: தானியத்தை நசுக்கி அதன் மின்தடையைப் பார்ப்பது. அதற்குத் திருகுக் கிண்ணத்தை இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அறுவடை நாளில் நாற்பது மாதிரி பார்க்கிற எனக்கு அது ஒத்துவராது என்று விட்டுவிட்டேன்.

முதல் மூன்று நாள் எனக்கு வந்த எண்கள் எல்லாமே தப்பு. கருவி பார்லியில் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு தானியத்துக்கும் தனி அளவுக்கோடு உண்டு, பயிரைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் அளக்க வேண்டும். கையேட்டில் இது நான்காம் பக்கத்தில் இருக்கிறது. நான் இரண்டாம் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன். வாங்குகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள். பேட்டரியை மாற்றும்போது சில நேரம் அது தானாகவே பட்டியலின் முதல் பயிருக்குப் போய்விடுகிறது.

அடுத்தது, கொட்டுகிற விதம். குவளையைத் தட்டித் தட்டி நிரப்பினால் கோதுமை நெருங்கி உட்காரும், எண் கூடும். ஒரே மாதிரியைச் சாதாரணமாகக் கொட்டியபோது 12.6, தட்டி நிரப்பியபோது 13. எடைமேடையில் யாராவது குவளையை உள்ளங்கையால் தட்டினால் இப்போது எனக்கு அர்த்தம் தெரியும். ஒரே உயரத்திலிருந்து, ஒரே வேகத்தில், மூன்று முறை கொட்டிச் சராசரி எடுக்கிறேன். மூன்றில் ஒன்று மட்டும் அரை சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த மாதிரியையே கொட்டிவிட்டு வேறு எடுக்கிறேன்.

சரியாகக் காட்டுகிறதா என்று எப்படித் தெரியும்? உலக வழக்கில் தீர்ப்புச் சொல்வது அடுப்புதான். ஐஎஸ்ஓ 712 என்ற தர முறைப்படி கோதுமையை அரைத்து, சுமார் 5 கிராம் எடுத்து, 130 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, எடை எவ்வளவு குறைந்தது என்று பார்க்க வேண்டும். ஒரு ஆய்வுக்கூடத்தில் ஆறு மாதிரிகளைக் கொடுத்துப் பார்த்தேன். 11 முதல் 14 வரை என் கருவி அடுப்போடு அரை சதவீதத்துக்குள் ஒத்துப்போனது. 17-க்கு மேலே போனபோது ஒன்றேகால் சதவீதம் தள்ளி நின்றது. அந்த ஈரத்தில் கோதுமையை யாரும் லாரியில் ஏற்றப் போவதில்லை, ஆகவே எனக்குக் கவலை இல்லை. அறுவடை இயந்திரத்தை எப்போது வயலில் இறக்கலாம் என்று பார்க்க வாங்குபவர்களுக்கு அது ஒரு குறைதான்.

கருவியே இல்லாதவர்களுக்கு ஒரு வழி: நன்றாக உலர்ந்த உப்பைக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கோதுமையோடு போட்டுச் சில நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். உப்பு பாட்டிலின் சுவரில் ஒட்டினால் ஈரம் 15-க்கு மேலே. ஒட்டாவிட்டால் அதற்குக் கீழே. 12-க்கும் 14-க்கும் நடுவே அது வாய் திறக்காது. எங்கள் சண்டை முழுவதும் அந்த இரண்டு சதவீதத்துக்குள்தான் நடக்கிறது.

எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்பதிலும் எண் ஏமாற்றும். களத்தில் பரப்பிய கோதுமையை உச்சிவெயிலில் பார்த்தேன்: 11.8. எல்லோரும் கோணி ஊசியை எடுத்துவிட்டார்கள். ஏதோ ஒரு சந்தேகத்தில், அதே குவியலை நிழலில் மூடிவைத்து இரவு எட்டு மணிக்கு மறுபடி பார்த்தேன்: 12.9. மணியின் தோல் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, நடுவில் இருக்கும் ஈரம் மெதுவாக வெளியே வந்து பரவுகிறது. கருவிக்குத் தோல்தான் அதிகம் தெரியும். அதிகாலையில் இது தலைகீழாகும். பனி பட்ட மேல்பரப்பிலிருந்து அள்ளினால் 15 கூடக் காட்டும். இப்போது எங்கள் விதி: முந்தின நாள் சாயங்காலம் குவித்து மூடி, மறுநாள் பனி விலகிய பிறகு, குவியலின் ஐந்து இடங்களில் கையை முழங்கைவரை விட்டு எடுத்த கோதுமைதான் மாதிரி. மேலே இருந்து அள்ளிக் கொண்டுவருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

வியாபாரியோடு சண்டை போட வாங்கிய கருவி, முதலில் எங்களுக்குள் சண்டை மூட்டியது. இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

எங்கள் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் வரும். தலைமடைக்காரர்கள் முதலில் பாய்ச்சுவார்கள், கடைமடைக்கு வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கோதுமைக்கு விதைத்த 21-ஆம் நாளை ஒட்டி வரும் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ, பால் பிடிக்கும் சமயத்தில் வரும் கடைசித் தண்ணீரும் அவ்வளவு முக்கியம். கடைமடையில் அந்தக் கடைசித் தண்ணீர் தாமதமாக விழுவதால் கதிர் தாமதமாகப் பழுக்கிறது. ஆனால் அறுவடை இயந்திரம் ஒரே வாரத்தில் எல்லா வயலிலும் இறங்கி ஏறிப் போய்விடும், கடைமடைக்காக இன்னொரு தடவை வராது. ஆகவே ஒரே நாளில் களத்துக்கு வரும் கோதுமையில் ஒருவருடையது 12, இன்னொருவருடையது 15. பல ஆண்டுகளாக நாங்கள் இரண்டையும் ஒரே லாரியில் ஏற்றியிருக்கிறோம். குத்தூசி எந்த மூட்டையில் இறங்குகிறதோ அந்த மூட்டையின் எண்தான் மொத்த லாரிக்கும். கழிவை நான் எடைப்படி எல்லோருக்கும் சமமாகப் பிரித்துவிடுவேன். நியாயம் என்று நினைத்துத்தான் செய்தேன்.

கருவி வந்த பிறகு ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் ஈரத்தை எழுத ஆரம்பித்தேன். முதல் பக்கம் நிரம்பியபோதே தெரிந்துவிட்டது: நான்கைந்து பேருடைய ஈரத்துக்கு மீதிப் பேர் ஆண்டுதோறும் தண்டம் கட்டியிருக்கிறார்கள். அந்த நான்கைந்து பேரில் என் கொழுந்தனாரும் ஒருவர். அவருடைய குவியல் 15.1.

அவருடைய மூட்டைகளை முதல் லாரியில் ஏற்றவில்லை. "நாலு நாள் காயவையுங்கள், அடுத்த லாரியில் போகட்டும்" என்றேன். "கடைமடையில் நிலம் இருப்பது என் குற்றமா?" என்று கேட்டார். அது சரியான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. தண்ணீர் முறையை நான் வகுக்கவில்லை. வீட்டில் இரண்டு வாரம் பேச்சு இல்லை. "அண்ணன் தம்பிக்குள் தசமப் புள்ளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டாய்" என்றார் என் கணவர். இந்தத் தீமையைக் கையேட்டின் எந்தப் பக்கத்திலும் போடவில்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஒன்று நடந்தது, அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. எங்களில் மிகவும் பயந்த சுபாவம் உள்ள ஒருவர், கழிவு விழக்கூடாது என்று எப்போதும் இரண்டு நாள் கூடுதலாகக் காயவைப்பார். அவருடைய 2,000 கிலோவைப் பார்த்தால் 9.8. ஐந்து முறை பார்த்தேன், அதேதான். அதே உலர்ந்த பொருள் 12 சதவீத ஈரத்தில் 2,050 கிலோ இருந்திருக்கும். அதாவது ஒரு முழு மூட்டையை அவர் வெயிலுக்குக் கொடுத்துவிட்டார். ஈரம் கூடினால் கழிக்கிறார்கள், குறைந்தால் கூட்டிக் கொடுப்பவர் யாரையும் நான் பார்த்ததில்லை. இதைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் தார்ப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை வருஷமாக?" என்று மட்டும் கேட்டார்.

இதில் எனக்கு இன்னும் ஆறாத ஒன்று உண்டு. வாசலில் தண்ணீருக்காக நம்மிடம் கழிக்கிற மாவு ஆலை, அரைப்பதற்கு முன்பு அதே கோதுமைக்குத் தண்ணீர் தெளித்து மணிக்கணக்கில் ஊறவைக்கிறது. ஈரத்தை 15-16 சதவீதத்துக்கு ஏற்றினால்தான் தவிடு தூளாகாமல் படலமாகப் பிரியும். காரணம் நியாயமானதுதான். மாதக்கணக்கில் இருப்பு வைக்கும் கிடங்குக்குக் காய்ந்த தானியம் வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சையும் வண்டும் சூடும் சேர்ந்து அழித்துவிடும். அரைக்கிற அன்றைக்கு மட்டும் ஈரம் வேண்டும். எல்லாம் புரிகிறது. ஆனாலும் அந்தத் தெளிப்பானை நேரில் பார்த்த அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எடைமேடைக்கு வருவோம். போன அறுவடையில் நான் முதலில் பேசினேன். லாரி ஏறுவதற்கு முன்பே, "எங்கள் கணக்கில் 12.4" என்று எழுதிய தாளை நீட்டினேன். வியாபாரியின் கருவி 13.4 காட்டியது. என் மாதிரியை அவர் கருவியிலும், அவர் எடுத்த மாதிரியை என் கருவியிலும் போட்டுப் பார்த்தோம். ஒரு சதவீத வித்தியாசம் அப்படியே நின்றது. அப்படியானால் கோதுமையில் தப்பில்லை, இரண்டு கருவிகளில் ஒன்றில்தான் தப்பு. மாதிரியை இரண்டு பைகளில் கட்டி ஒட்டி, கோதுமை போய்ச் சேரும் ஆலையின் ஆய்வுக்கூடத்திலேயே அடுப்பில் பார்க்கலாம் என்றேன். அவர் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். 12.6 வந்தது. அன்றிலிருந்து அந்த இடத்தில் திரை எங்கள் பக்கமும் தெரியும்படி வைக்கப்படுகிறது. கழிவு விதியும் ஒன்றரை கிலோவிலிருந்து ஒன்றேகாலுக்கு இறங்கியது. கணக்குப்படி 1.14 போதும், ஆனால் அந்த விவாதத்தை அடுத்த அறுவடைக்கு வைத்திருக்கிறேன்.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. இன்னொருவர், "உங்கள் பொம்மையை உள்ளே கொண்டுவராதீர்கள்" என்றார். லாரி வாடகை ஓடிக்கொண்டிருந்தது, ஓட்டுநர் அடுத்த நடைக்கு அவசரப்பட்டார், வானம் வேறு கருத்திருந்தது. இறக்கிவிட்டு வந்தோம். கருவி கையில் இருந்தும், திரும்பிப் போக வசதி இல்லாதவர் எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? காய்ந்த கோதுமையில் ஒரு பங்கைக் காற்றுப்புகாத பைகளில் வைத்திருக்க ஆரம்பித்தது அதன் பிறகுதான். 1980-களின் இறுதியில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் கேமரூனில் தட்டைப்பயறுக்காக உருவாக்கிய மூன்றடுக்குப் பை அது: உள்ளே இரண்டு பாலிதீன் உறை, வெளியே நெய்த சாக்கு. உள்ளே இருக்கும் பிராணவாயுவைப் பூச்சிகளே தீர்த்துவிட்டு மடிந்துவிடும். ஆனால் ஈரமான தானியத்தை அதில் கட்டினால் ஈரம் வெளியேற வழி இல்லை, முக்கிப்போகும். ஆகவே பையைக் கட்டுவதற்கு முன்பும் இந்தக் கருவிதான். பைக்கு நான் வைத்திருக்கும் எல்லை 12.

இனி குறைகள்.

திரை வெயிலில் தெரிவதில்லை. களத்தில் பயன்படுத்த வேண்டிய கருவிக்கு இது என்ன வடிவமைப்பு என்று தெரியவில்லை. துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு படிக்கிறேன். பேட்டரி தீரும் தறுவாயில் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் எண் ஏற ஆரம்பிக்கிறது. ஒரு நாள் சாயங்காலம் எல்லாருடைய கோதுமையும் திடீரென ஈரமாகிவிட்டதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். இப்போது 12.2 என்று தெரிந்த ஒரு படி கோதுமையை இறுக மூடிய டப்பாவில் வைத்திருக்கிறேன், தினமும் காலையில் முதலில் அதைத்தான் போட்டுப் பார்க்கிறேன். குவளையின் அடியில் உமித்தூள் அடைகிறது. சுத்தம் செய்யக் கொடுத்திருக்கும் தூரிகை மூலைக்குள் போகாது, பழைய பல் துலக்கும் பிரஷ்தான் போகிறது. அளவு சரிபார்க்கத் தயாரிப்பாளருக்கு அனுப்பினேன். கடைசி லாரி போன பிறகுதான் திரும்பி வந்தது. அந்த அறுவடையின் இரண்டாம் பாதி முழுவதும் பெரியவரின் பல்தான்.

ஹெக்டோலிட்டர் எடை, அதாவது நூறு லிட்டர் கோதுமை எத்தனை கிலோ என்ற இன்னொரு எண்ணையும் திரையில் காட்டுகிறது. அதை நம்ப வேண்டாம். ஒரு லிட்டர் குவளையில் கோதுமையைத் தளரக் கொட்டி, மேலே ஒரு குச்சியால் வழித்துவிட்டுத் தராசில் வையுங்கள். 780 கிராம் இருந்தால் 78. கருவி அதே கோதுமைக்கு 73 என்றது.

அது பார்க்கவே முடியாத ஒன்றும் உண்டு. அறுவடைக்கு முன்பு கதிரில் மழை நின்ற ஆண்டு, நன்றாகக் காயவைத்து 12-க்குக் கொண்டுவந்து பெருமையாக அனுப்பினோம். ஆலை திருப்பிவிட்டது. மணிக்குள் முளை கிளம்பியிருக்கிறது, மாவுச்சத்து உடைந்துவிட்டது. அதைப் பார்க்க ஹாக்பெர்க் முறை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 7 கிராம் மாவை 25 மில்லி தண்ணீரில் கலந்து, கொதிநீரில் வைத்துக் கிளறி, கிளறுகோல் கூழில் இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுவது. நல்ல கோதுமையில் 250 விநாடிக்கு மேல் தாங்கும். எங்களுடையது 110. ஈரமானிக்கு அது வெறும் 12 சதவீதக் கோதுமை, அவ்வளவுதான். புரதமும் இதில் தெரியாது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பேட்டரி விஷயத்தைச் சரிசெய்தால் நான்கு. தனியாக ஒருவர் வாங்கத் தேவையில்லை. பத்து இருபது பேர் சேர்ந்து ஒன்று வாங்கி, யாருக்கும் சொந்தக்காரர் இல்லாத ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். நான் செய்த தவறு அதுதான்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது கொழுந்தனார் வந்தார். துண்டின் முனையில் ஒரு கை கோதுமையை முடிந்து வைத்திருந்தார். "குவளை நிறைய வேண்டும்" என்றேன். போய்ச் சின்னப் பையில் கொண்டுவந்தார். "அடியிலிருந்து எடுத்தீர்களா?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் முழங்கையைத் திருப்பிக் காட்டினார், உமி ஒட்டியிருந்தது. மூன்று முறை கொட்டினேன். 13.6, 13.5, 13.6. திரையை அவர் பக்கம் திருப்பினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாளைக்குச் சாயங்காலம் வருகிறேன்" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு போனார்.